தொனிக்கும் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்

மொழியாசிரியர் பயிற்சிக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். பயிற்சி ஆசிரியரின் வகுப்பைப் பார்வையிடும்போது 'குரல்' என்ற தலைப்பில் என்ன எழுதுகிறோம்? கடைசி பெஞ்சு வரை கேட்டால் 'நன்று'. அந்தக் குரல் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று, அதாவது அதன் தொனியைப் பற்றி, யாரும் கேட்பதில்லை.

ஒரு மாணவி, 'அவன் நேற்று வருகிறான்' என்கிறாள். ஆசிரியர் 'வருகிறான்...?' என்று குரலை மேலே இழுக்கிறார். தவறு என்று சொல்லாமலேயே அவளுக்குப் புரிந்துவிடுகிறது. 'வந்தான்' என்று திருத்திக்கொள்கிறாள். அருமையான உத்திதான். அடுத்தவன் 'அவள் நாளை வருவாள்' என்று சரியாகவே சொல்கிறான். பழக்கதோஷம், ஆசிரியர் 'வருவாள்...?' என்று அதே இழுப்பு இழுக்கிறார். பையன் தடுமாறி 'வந்தாள்' என்று மாற்றிவிடுகிறான்.

வினா, விடை, அதற்கு ஆசிரியரின் எதிர்வினை என்ற மூன்று படிகளை மொழியியலாளர்களான சின்க்ளேரும் கூல்தார்டும் 1975-இலேயே விவரித்துவிட்டார்கள். மூன்றாம் படியில் பல நேரம் ஆசிரியர் மாணவரின் சொல்லையே திருப்பிச் சொல்கிறார். சொல் மாறாதபோது சரியா தவறா என்ற தீர்ப்பைத் தொனிதான் சுமக்க வேண்டும். அதைப் பயிற்சியில் தொடாமல் விடுவது எந்த வகையில் நியாயம்?

வாக்கியத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு, 'இதற்குப் பெயர் வினை...' என்று நிறுத்தி, 'எச்சம்!' என்று வகுப்பையே கத்த வைக்கும் வழக்கமும் உண்டு. கேட்க உற்சாகமாக இருக்கும். யார் வெறுமனே வாயசைத்தார்கள் என்பது மட்டும் தெரியாது.

இதைவிட எனக்கு உறுத்துவது ஏற்ற இறக்கமில்லாத மட்டக்குரல். எதிரில் இருப்பவருக்கு ஒன்றைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும். சொற்களை வெறும் மொழி மாதிரியாக ஒப்பிக்கும்போது ஒரே மட்டத்தில் ஓடும் என்று மொழியியலாளர் டேவிட் பிரேசில் பிரித்துக் காட்டினார். எடுத்துக்காட்டு வாக்கியங்களை நாம் படிப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. அந்த மொழியை வகுப்பறைக்கு வெளியே கேட்க வாய்ப்பில்லாத மாணவருக்கு நம் ஒப்பிப்புதான் அம்மொழியின் இசை.

நான் கேட்பது இதுதான். பயிற்சி ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பில் பத்து நிமிடத்தைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். மாணவரின் விடையைத் திருப்பிச் சொன்ன இடங்களை மட்டும் எழுதி, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அம்புக்குறி போடட்டும். சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே குறி விழுந்திருந்தால், வழிகாட்டி ஆசிரியர் பேச வேண்டியது அதைப் பற்றித்தான். அடுத்த பயிற்சி அணி தொடங்கும் முன்பே இதைச் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு மொழியாசிரியர்