இந்த விலைக்கு யாரும் இடித்து முந்துவார்: ஓட்ட நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்திலிருந்து கணினி விளையாட்டில் இணையவழி கார் ஓட்டத் தொடரை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும், முறைப்பாடுகளைப் பார்க்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். அடுத்த தொடரின் விதிக்கோவையை எழுத உட்காருமுன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

இப்போதுள்ள விதிப்படி எந்த மோதலுக்கும் தண்டனை 5 செக்கன்தான். 20 நிமிட ஓட்டத்தில் முதலாம் சுற்றிலேயே ஒருவரைச் சுழற்றிவிட்டு முன்னுக்குப் போகிறவர், மிச்ச நேரம் முழுவதும் தனியே ஓடி அந்த 5 செக்கனை இடைவெளியாகவே சேர்த்துவிடுவார். அடிபட்டவருக்கோ மண்ணிலிருந்து ஏறி வரவே 10, 15 செக்கன் போய்விடும். கார் உடைந்திருந்தால் திருத்துமிடமான பிட்டுக்குள்ளும் போகவேண்டும். இந்த விலைக்கு யாரும் இடித்து முந்துவார்.

நாங்கள் கேட்பது இதுதான். இடித்து இடம் பிடித்தவர் ஒரு சுற்றுக்குள் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்தால் தண்டனை வேண்டாம். கொடுக்காவிட்டால் டிரைவ் த்ரூ, அதாவது பிட் பாதையால் நிற்காமல் மெதுவாகப் போய்வரும் தண்டனை. நாங்கள் ஓடும் அசெட்டோ கோர்சா கொம்பெற்றிசியோனே விளையாட்டில் அட்மின் கட்டளையாலேயே 5 அல்லது 15 செக்கன் கூட்டலாம், டிரைவ் த்ரூ கொடுக்கலாம், பிட்டில் 10, 20, 30 செக்கன் நிறுத்திவைக்கும் ஸ்டொப் அண்ட் கோவும் கொடுக்கலாம். ஓட்டம் முடிந்தபின் தீர்ப்பதென்றால், அந்த ஓடுபாதையில் ஒரு டிரைவ் த்ரூவுக்கு எவ்வளவு நேரம் போகுமோ அவ்வளவையும் கூட்டுங்கள். அதை ஊகிக்கத் தேவையில்லை. பயிற்சி அமர்வில் ஒருவர் பிட் பாதையால் 50 கி.மீ. வேகத்தில் நிற்காமல் போய்வரட்டும். வழமையான சுற்றோடு வருகிற வித்தியாசம்தான் கணக்கு. ஓடுபாதைக்கு ஓடுபாதை இது மாறும்.

யாருடைய பிழை என்பதுதான் எப்போதும் இழுபறி. மோதலுக்குப் பிறகு கார்கள் எங்கே கிடக்கின்றன என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை நிறுத்துங்கள். காணொளியை மூன்று இடத்தில் நிறுத்திப் பாருங்கள்: முன் கார் பிறேக் பிடிக்கும் கணம், வளைவுக்குள் திரும்பும் கணம், வளைவின் உள்முனை. உட்பக்கத்தால் முந்துகிறவரின் முன் அச்சு, உள்முனைக்கு முன்பும் அங்கு வரும்போதும் மற்றக் காரின் பக்கக் கண்ணாடிக்கு நேராகவாவது இருக்கவேண்டும் என்பது ஃபோர்முலா 1 நடுவர்களுக்கான 2025 வழிகாட்டல். அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இத்தாலியின் மொன்சா ஓடுபாதையில் முதல் சிக்கேனில் (அடுத்தடுத்து வரும் எதிரெதிர் வளைவுகள்) வரும் முறைப்பாடுகளில் அரைவாசி இந்த ஒரு அளவுகோலோடு தீர்ந்துவிடும். தடுத்து ஓடுவதற்கு, உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.யின் சர்வதேச விளையாட்டுக் கோவையின் பின்னிணைப்பு போதும்: தடுக்க ஒருமுறைதான் திசை மாறலாம், திரும்பவும் ஓடுகோட்டுக்கு (வேகமாக ஓட வழமையாக எடுக்கும் கோடு) வருவதென்றால் ஓரத்தில் ஒரு கார் அகலம் விடவேண்டும். லைட் அடித்தால் வழிவிட வேண்டும் என்று அதில் இல்லை. யாழ்ப்பாணத்துக் கே.கே.எஸ். வீதிப் பழக்கத்தை மொன்சாவுக்குக் கொண்டுபோக வேண்டாம். வெள்ளைக்கோட்டைத் தாண்டியதை விளையாட்டே பிடித்துக்கொள்ளும். அதில் உங்கள் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

சுழன்று நிற்பவர் பிறேக்கை மிதித்தபடியே நிற்கவேண்டும் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். பின்னால் வருகிறவர்கள் நிற்கும் காரைத்தான் கணக்குப் போட்டு விலத்துகிறார்கள். அது மெல்ல உருண்டால் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். ஓடுகோட்டுக்குக் குறுக்காகத் திரும்பி ஏறுகிறவருக்கு மோதல் நடக்காவிட்டாலும் தண்டனை வேண்டும்.

இனி இணைய இணைப்பு. 252 கி.மீ. வேகத்தில் ஒரு கார் செக்கனுக்கு 70 மீற்றர் போகும். தரவு 0.1 செக்கன் பிந்தினால் 7 மீற்றர், ஒரு ஜிடி3 வகைப் பந்தயக் காரின் நீளத்தை விடக் கூட. அதனால்தான் கணினி கடைசியாகக் கிடைத்த வேகத்தை வைத்து மற்றக் கார் இப்போது எங்கே இருக்கும் என்று ஊகித்துக் காட்டுகிறது. நேர்ப்பாதையில் ஊகம் சரிவரும். பிறேக் பிடிக்கும் இடத்தில்தான் பிழைக்கும். பின்னால் வருகிறவர் தன் திரையில் நேரத்துக்குப் பிறேக் பிடித்திருப்பார்; முன்னால் போகிறவரின் கணினியோ, அது தெரியவர முன், பின்காரை அதே வேகத்தில் கொண்டுவந்து இடித்துவிடும். பிறேக் பிடிக்கும்போது ஒவ்வொரு செக்கனும் வேகம் செக்கனுக்கு 15 மீற்றர் வீதம் குறைகிறது என்று வைத்தால், 0.1 செக்கன் தாமதத்தில் பிழை ஏழரை சென்ரிமீற்றர், நாலு விரல் அகலம். 0.4 செக்கன் தரவு வராமல் நின்றாலோ 1.2 மீற்றர். தாமதம் நாலு மடங்கானால் பிழை பதினாறு மடங்கு. ஆகவே நிலையாக 120 மில்லிசெக்கன் தாமதம் காட்டுகிறவரை விட, 40க்கும் 300க்கும் இடையில் துள்ளுகிறவர்தான் ஆபத்து. வைஃபையை விட்டு கேபிளில் இணைக்கச் சொல்லுங்கள். ஓட்ட நேரத்தில் வீட்டில் வேறு யாரும் படம் பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது (இதை அம்மாமாருக்கு விளங்கப்படுத்துவது அவரவர் பொறுப்பு).

இந்த விளையாட்டில் ஒருவர் சேமிக்கும் ரீப்ளே அவருடைய கணினி கண்டதை மட்டுமே காட்டும். ஆகவே இரு தரப்புக் காணொளியும் இல்லாமல் தீர்ப்பு வேண்டாம். ஒரு திரையில் மட்டும் மோதல் தெரிந்தால் ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஒரே கார் ஒரே ஓட்டத்தில் மூன்றுமுறை அப்படி அகப்பட்டால், அவருடைய இணைப்பைச் சோதிக்கும் வரை அடுத்த ஓட்டத்தில் விடாதீர்கள். கரண்ட் போய்க் கார் மறைந்தால் ஓட்டத்தை முடிக்கவில்லை என்று எழுதினால் போதும், குற்றப்புள்ளி போடுவது அநியாயம். றவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் வைத்தாலும் கணினியை அது தாங்காது.

குற்றப்புள்ளி பற்றி ஒரு சொல். ஃபோர்முலா 1இல் 12 மாதத்தில் 12 புள்ளி சேர்ந்தால் ஒரு ஓட்டத் தடை. 2024இல் கெவின் மக்னுசன் அப்படித்தான் அசர்பைஜான் ஓட்டத்தை இழந்தார். எட்டு ஓட்டத் தொடருக்கு 12 கூடிப்போச்சு. 6 புள்ளியில் பிட் பாதையிலிருந்து தொடக்கம், 9இல் ஒரு ஓட்டத் தடை என்று வையுங்கள். ஐரேசிங் என்ற இன்னொரு இணையவழி ஓட்டத் தளத்தில் பலத்த மோதலென்றால் யார் பிழை என்று பாராமல் இருவருக்கும் 4 புள்ளி விழும். உலகம் முழுக்க ஓடும் தளத்துக்கு வேறு வழியில்லை. 20 கார் ஓடும் எங்களுக்கு அந்தக் குருட்டு நீதி தேவையில்லை.

முறைப்பாடு 24 மணித்தியாலத்துக்குள் வரட்டும். சுற்று, வளைவு, இரண்டு கார் எண்கள், மோதலுக்கு 10 செக்கன் முன்பிருந்து 5 செக்கன் பின்வரை காணொளி. நடுச்சாமத்தில் வட்ஸ்அப் குழுவில் வரும் குரல்பதிவை முறைப்பாடாக எடுக்காதீர்கள். ஆளை ஆள் தெரியாத நடுவரை யாழ்ப்பாணத்தில் தேடிப் பிடிக்க முடியாது. ஒன்றில் ஒரே பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் சொந்தம். ஆகவே காணொளியைப் பெயர் தெரியாமல் வெட்டி, இரண்டு நடுவர்களுக்குத் தனித்தனியே அனுப்புங்கள். முடிவு வேறுபட்டால் மட்டும் மூன்றாமவரிடம் போகட்டும். தீர்ப்போடு எந்த விதி, ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

வரைவை முதல் ஓட்டத்துக்கு இரண்டு கிழமை முன்பே போட்டுவிடுங்கள். பிட் நேரம் அளக்க ஆள் இல்லையென்றால் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
தொடரில் ஓடும் சாரதிகள் சிலர்
யாழ்ப்பாணம்