அம்மன் கோயில் முன்மண்டபத் திருப்பணி முடிஞ்சுது, கமிட்டி தர்ற விவரம்

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். தாராவி நம்ம சந்து அம்மன் கோயில் முன்மண்டபம் வேலை முடிஞ்சு கும்பாபிஷேகமும் நல்லபடியா நடந்துட்டு. வரவு செலவு ஆடிட் ஆகி கோயில் போர்டுல ஒட்டியிருக்கு, பில் எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கு, யாரும் எப்ப வேணா வந்து பாக்கலாம். ஆனா கணக்கை விட எல்லாரும் கேக்குறது ஏன் பெயிண்ட் அடிக்கல, வேலை பாதியில நிக்குதான்னுதான்.

வேலை பாதியில நிக்கல, கடைசியில சொல்ற ஒரு சின்ன வேலை தவிர எல்லாம் முடிஞ்சாச்சு. கான்கிரீட்ட அப்படியே விடணும்னு முடிவு பண்ணித்தான் விட்டுருக்கோம். இருக்கிறது 14 அடிக்கு 12 அடி இடம், அதுல சுதை பொம்மை, கலர்னு வச்சா அம்மன் முகத்துக்கு முன்னாடி நம்ம கண்ணு வேற எங்கயோ போயிரும். நம்ம சந்துப் பொண்ணு, ஆர்க்கிடெக்ட்டா இருக்கிறவ, ஜப்பான்ல தடாவோ ஆண்டோங்கிற ஆர்க்கிடெக்ட் 1989ல முடிச்ச சின்ன சர்ச் போட்டோவ காட்டுனா, வெறும் கான்கிரீட் சுவர்ல சிலுவை மாதிரி வெட்டு, அது வழியா வெளிச்சம், அவ்வளவுதான். அதைப் பாத்துட்டுதான் நம்ம கூரையில கிழக்கு ஓரமா நாலு இஞ்ச் இடைவெளி விட்டு கண்ணாடி போட்டோம், காலைப் பூஜை நேரத்துல வெயில் நேரா பலிபீடத்து மேல விழுது. கோயிலுக்கு இதெல்லாம் ஆகுமான்னு பெரியவங்க கேட்டாங்க, நியாயமான கேள்விதான். விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டுல பல்லவ ராஜா மகேந்திரவர்மன் பாறையைக் குடைஞ்சு, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாம கோயில் எடுத்தேன்னு 7ஆம் நூற்றாண்டுலயே கல்வெட்டு வச்சிருக்கான், அன்னைக்கு அதுவும் புதுசுதான். கருவறைய மட்டும் குருக்கள் சொன்னபடி தொடவே இல்ல, அங்க பழைய கல்லுதான்.

பூச்சு இல்லாத கான்கிரீட்ல தப்பு நடந்தா மறைக்க வழியே கிடையாது. முதல் சுவர் போட்டப்ப கான்கிரீட் ஊத்துற அச்சு (ஷட்டரிங்) அடியில சிமெண்ட் பால் ஒழுகி, கலவைய குலுக்கி இறுக்குற வைப்ரேட்டரும் சரியா இறங்காம, அடிப்பக்கம் தேன்கூடு மாதிரி ஜல்லி தெரிஞ்சுது. காண்ட்ராக்டர் பூசிரலாம்னாரு. கமிட்டி உக்காந்து ராத்திரி பதினோரு மணி வரை பேசி, உடைச்சுட்டு மறுபடி போடச் சொன்னோம், அதுலதான் மூணு வாரம் தள்ளிப்போச்சு, அந்தத் தாமதத்துக்கு நாங்கதான் பொறுப்பு. கலவைய கலந்தே கொண்டுவர்ற ரெடிமிக்ஸ் லாரி சந்துல நுழையாது, அதனால எல்லாம் சின்ன மிக்சர்லதான், ஒவ்வொரு தடவையும் தண்ணி ஒரே அளவு ஊத்தலன்னா சுவர்ல கலர் திட்டுத் திட்டா வந்துரும். கடல் காத்து அடிக்கிற இடம்னு எம்30ங்கிற பலமான கலவை, உள்ள இருக்கிற கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் (கவர்), கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 சொல்றபடி. கலவைய கட்டியா வார்த்து 28 நாள் கழிச்சு நசுக்கிப் பாக்குற க்யூப் டெஸ்ட்ல எல்லாமே தேறிச்சு. பத்து நாள் ஈரச்சாக்கு போட்டு தண்ணி ஊத்துனது பூரா நம்ம தெரு அக்காமார்தான், கூலி ஒரு பைசா வாங்கல.

அப்புறம் மண்டபத்துல வச்ச தகட்டுத் தடுப்பு. மேல வர்ற துருவே காப்பா நிக்கிற, துருக்கலர்ல அழகா இருக்கிற கோர்டென் ஸ்டீல்தான் முதல்ல பேசுனோம். ஆனா அதோட துருப்படலம் நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சுதான் இறுகும், இங்க உப்பும் ஈரமும் சேந்து அதை இறுக விடாது, அரிச்சுக்கிட்டே போகும், கான்கிரீட்ல பழுப்பா வேற வழியும். அதனால விலை கூடன்னாலும் 316ங்கிற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டோம், அதுல மாலிப்டினம்ங்கிற உலோகம் இருக்கதால உப்புக்கு தாங்கும். தகட்டுல இருக்கிற ஓட்டை எல்லாம் இடுக்குப் புள்ளி 15-8 கோலம், மார்கழியில நம்ம வாசல்ல போட்டதையே படம் எடுத்து லேசர்ல வெட்டுனது. சாயங்காலம் விளக்கு போட்டதும் தரையில புள்ளி புள்ளியா விழுறத ஒருதடவை வந்து பாருங்க, ஆச்சி ஒருத்தங்க அதை மிதிக்காம சுத்தி நடந்தாங்க.

எண்ணெய், குங்குமம் சுவர்ல தடவ வேண்டாம், ஒருதடவ ஊறுனா போகாது, தூண் பக்கத்துல பித்தளைத் தட்டு வச்சிருக்கோம். ஆணியும் அடிக்காதீங்க, தோரணம் கட்ட மேல கொக்கி இருக்கு. பாக்கி ஒரே வேலை, கூரைத் தண்ணி விழுற தூம்ப இன்னும் அரை அடி வெளிய நீட்டணும், ஜூன் மழைக்கு முன்னாடி முடிச்சுருவோம்.