மாற்றல் ஆணையோடு கலைந்துபோகாத பணி வேண்டும்: கத்தோலிக்க ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேரன்புக்குரிய ஆயர் தந்தையருக்கு,

வணக்கம். ஒரே குரு (பாதிரியார்) மூன்று, நான்கு பங்குகளை, அதாவது உள்ளூர்த் திருச்சபைச் சமூகங்களைச் சுமக்கும் இடங்களில், குருப்பட்டம் பெறாத இறைமக்களான பொதுநிலையினருக்குப் பயிற்சி அளிப்பவர்கள் நாங்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பொதுநிலையினருக்குக் கொடுக்கும் பொறுப்பை வாய்ச்சொல்லாகக் கொடுக்காதீர்கள், உங்கள் கையொப்பமிட்ட நியமனக் கடிதமாகக் கொடுங்கள்.

பங்குத்தந்தையின் விருப்பத்தில் தொடங்கும் பணி, அவர் மாற்றலாகிப் போகும் நாளிலேயே நின்றுவிடுகிறது. யார் என்ன பயின்றார், எதைச் செய்ய அனுமதி பெற்றார் என்று புதிதாக வருபவருக்குச் சொல்ல ஒரு தாளும் இருப்பதில்லை. அவர் தமக்குப் பழக்கமான இருவரை வைத்து முதலிலிருந்து தொடங்குகிறார். பயிற்சி பெற்றவர்கள் மனம் நொந்து பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வருவது மிகக் கடினம்.

1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 517-ஆம் எண், இரண்டாம் பிரிவு, குருக்கள் பற்றாக்குறையால் ஒரு பங்கின் மேய்ப்புப் பணியில் பொதுநிலையினரை ஈடுபடுத்தலாம் என்கிறது. பங்குத்தந்தைக்குரிய அதிகாரத்தோடு ஒரு குரு அதை நெறிப்படுத்த வேண்டும். இந்த முடிவை எடுக்க வேண்டியவர் மறைமாவட்டத் தலைவரான ஆயரே. ஆகவே எங்கள் கோரிக்கை புதிய சலுகை அன்று.

கடிதத்தில் பணியின் எல்லை தெளிவாக இருக்கட்டும். காலம் மூன்றாண்டு போதும், ஒருமுறை புதுப்பிக்கலாம். எந்தக் குருவுக்கு அவர் பொறுப்பு, பயணச் செலவை யார் தருவார், முழுநேரப் பணி என்றால் ஊதியம் எவ்வளவு என்பதும் எழுதப்பட வேண்டும். தகுந்த ஊதியத்தை உரிமையாகவே அதே தொகுப்பின் 231-ஆம் எண் குறிப்பிடுகிறது. இதை எழுதாமல் விட்டால், வசதி உள்ளவர்கள் மட்டுமே பொறுப்பில் நிலைக்கிறார்கள்.

ஒரு தனி ஆளை நியமிக்காதீர்கள். நான்கு முதல் ஆறு பேர் கொண்ட குழு வேண்டும். ஒருவரே எல்லாம் செய்தால், அவர் நோயுற்றதும் வழிபாடு நிற்கிறது. நோயுறாவிட்டால் சிறு பங்குத்தந்தையாகவே மாறிவிடுகிறார். இரண்டாவது ஆபத்தே பெரிது.

ஞாயிறு வழிபாட்டில்தான் பிழைகள் அதிகம். குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டுக்கென வத்திக்கான் 1988-இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவானது. அந்த ஞாயிறன்றோ முந்தைய மாலையிலோ அதே இடத்தில் குரு நிறைவேற்றும் திருப்பலி (பூசை) உண்டென்றால் இவ்வழிபாடு கூடாது. நடத்துபவர் குருவின் இருக்கையில் அமர்வதில்லை; “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்று வாழ்த்துவதில்லை. காணிக்கைப் பொருள்களைப் பீடத்துக்குக் கொண்டுவருவதும், திருப்பலியில் குரு அப்பத்தை அர்ச்சிக்கும் நற்கருணை மன்றாட்டும் இல்லை. நற்கருணை வழங்கும் நேரத்தில் மட்டுமே, முன்பே அர்ச்சிக்கப்பட்ட அப்பம் பீடத்தில் வைக்கப்படும். மறையுரை (பிரசங்கம்) குருவுக்கும், குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பட்டம் பெற்ற திருத்தொண்டருக்கும் உரியது. பங்குத்தந்தை எழுதிக் கொடுத்ததை வாசிக்கலாம். அதற்கு அவர் வியாழக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். சனி இரவு வந்து சேரும் உரை தட்டுத் தடுமாறித்தான் வாசிக்கப்படும். எழுதியவர் அதைத் தம் குரலுக்கு ஏற்ப எழுதியிருப்பார். வாசிப்பவர் இரண்டு முறையாவது உரக்கப் படித்துப் பழக வேண்டும்.

நற்கருணை அப்பங்களின் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். குரு மாதம் ஒருமுறைதான் வருகிறார் என்றால், ஈரப்பதமான இடத்தில் பேழையில் உள்ள அப்பம் நான்காம் வாரத்தில் கெடக்கூடும். அதே ஞாயிறன்று அருகிலுள்ள ஆலயத் திருப்பலியிலிருந்து கொண்டுவருவது நல்லது. வழிகாட்டியும் அதை அனுமதிக்கிறது.

நோயாளரிடம் போகும் குழுவுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: நோயாளர் மீது புனித எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதல் குருவுக்கு மட்டுமே உரியது. குழப்பம் வராதிருக்க, பொதுநிலையினர் வேறு எந்த எண்ணெயையும் பூச வேண்டாம் என்கிறது 1997-இன் வத்திக்கான் அறிவுறுத்தல். அவர்கள் செய்யும் பெரும் உதவி, நேரத்தோடு குருவை அழைப்பது. பலவீனமானவர்களின் பட்டியலை வாரந்தோறும் குருவுக்கு அனுப்பினால், உயிர் பிரிந்தபின் அழைக்கும் துயரம் குறையும்.

பணம் பற்றிச் சுருக்கமாக: உறவினர் அல்லாத இருவர் சேர்ந்து காணிக்கையை எண்ணி, அங்கேயே கையொப்பமிடட்டும். நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் என்கிறது சட்டத் தொகுப்பின் 537-ஆம் எண். மேய்ப்புப் பணி பற்றிக் கலந்து பேசும் பங்குப்பேரவைக்கு ஆலோசனை உரிமைதான் உண்டு. இவ்விரண்டின் வேறுபாட்டை முதல் கூட்டத்திலேயே விளக்காவிட்டால், பின்னர் வீண் சண்டைதான் மிஞ்சும்.

2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வழிபாட்டில் இறைவார்த்தை வாசிக்கும் வாசகர், பீடத்தில் உதவும் பீடத்துணைவர் ஆகிய பணிகளைப் பெண்களுக்கும் திறந்தார். அதே ஆண்டு மே மாதம், மறைக்கல்வி கற்பிக்கும் வேதியர் பணியை நிலையான திருப்பணியாக நிறுவினார். பங்குகளை நெடுங்காலமாகத் தாங்கி நிற்கும் பெண்களுக்கு இப்பணிகளை முறையாக அளியுங்கள்.

நியமனக் கடிதத்தை ஞாயிறு மக்கள் முன்னிலையில் வாசியுங்கள். ஒரு நகல் ஆயர் இல்லத்திலும் இன்னொன்று பங்கு அலுவலகத்திலும் இருக்கட்டும். அடுத்த பங்குத்தந்தைக்கு மாற்றல் ஆணை அனுப்பும்போது, அந்தக் குழுவினரின் கடிதங்களையும் அதனுடன் இணைத்து அனுப்புங்கள். பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே அவர் அவர்களோடு அமர்ந்து பேச வேண்டும் என்றும் ஆணையிலேயே எழுதுங்கள்.

கிறிஸ்துவில் பணிவன்புடன்,
பங்குப் பொறுப்பாளர் பயிற்சிக் குழுவினர்