லேன் கூட்டும் முன் ராம்பைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நகர விரைவுச்சாலைகளின் நெரிசலைப் பற்றி நீங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். காலையிலும் மாலையிலும் மக்கள் படும் பாட்டை உள்ளபடி சொல்லியிருந்தீர்கள். ஆனால் இருபுறமும் ஒரு லேன் கூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடித்திருந்தீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. விரைவுச்சாலைக் கட்டுப்பாட்டு அறையில் 19 ஆண்டுகள் கேமராத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். நெரிசல் எந்த நொடியில் பிறக்கிறது என்பதைத் தினமும் கண்ணால் பார்த்தவன்.

ஒரு லேனில் ஒரு மணி நேரத்துக்கு 2,000 வண்டிகளுக்குச் சற்று மேல் போகலாம். இரண்டு வினாடிக்குள் ஒரு வண்டி என்று கணக்கு. அந்த அளவை நெருங்கும்போதும் சாலை பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், வேகமும் பெரிதாகக் குறைந்திருக்காது. அந்த நேரம் பார்த்து ராம்ப் வழியாக, அதாவது விரைவுச்சாலையில் சேரும் இணைப்புப் பாதை வழியாக, ஏழெட்டு வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டியபடி உள்ளே நுழையும். ஓர லேனில் வருபவர் பிரேக்கை லேசாகத் தொடுவார். பின்னால் வருபவர் கொஞ்சம் பலமாக அழுத்துவார், அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் பலமாக. இப்படியே போய், இருபது வண்டி தள்ளி ஒருவர் முழுவதுமாக நின்றுவிடுவார். அவருக்கு முன்னால் விபத்தும் இருக்காது, பள்ளமும் இருக்காது. எதற்காக நின்றோம் என்பதே அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லாரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள் என்றார்கள். சிக்னலும் இல்லை, குறுக்கே வருபவரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒரு நெரிசல் உருவாகி, வண்டிகள் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. 2008இல் வெளிவந்த ஆய்வு அது.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. ஓட்டம் ஒருமுறை உடைந்துவிட்டால், சாலை தன் பழைய கொள்ளளவையே இழந்துவிடுகிறது. நின்று நின்று கிளம்பும் வண்டிகள் முன்புபோல நெருக்கமாக வெளியேறுவதில்லை. பத்தில் ஒரு பங்கு வரை குறையும். அதிக வண்டிகள் போக வேண்டிய நேரத்தில்தான் சாலை குறைவான வண்டிகளை அனுப்புகிறது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது விரைவுச்சாலைக்கு அப்படியே பொருந்தும். ஓட்டம் உடையாமல் காப்பதுதான் முதல் வேலை.

அதற்கு இருக்கும் எளிய கருவி, ராம்பில் வைக்கும் சிக்னல். ராம்ப் மீட்டர் என்பார்கள். பச்சை விழும்போதெல்லாம் ஒன்றோ இரண்டோ வண்டிகளை மட்டும் உள்ளே விடும். கூட்டமாக வந்து மோதுவதைப் பிரித்துவிடுகிறது, அவ்வளவுதான். 1963இல் சிகாகோவின் ஐசனோவர் விரைவுச்சாலையில் இதை முதலில் செய்தபோது இயந்திரம்கூட இல்லை, ஒரு போலீஸ்காரர் ராம்பில் நின்று வண்டிகளை ஒவ்வொன்றாக அனுப்பினார்.

ராம்பில் காத்திருப்பவருக்குக் கோபம் வருவது இயல்பு. கீழே சாலை நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, நம்மை மட்டும் ஏன் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அமெரிக்காவின் மின்னியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில் அந்தக் கோபம் சட்டமன்றம் வரை போனது. 2000ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் சுமார் 430 ராம்ப் மீட்டர்களைச் சில வாரங்களுக்கு அணைத்துவைத்துச் சோதித்தார்கள். பயண நேரம் 22 சதவீதம் கூடியது. விபத்துகள் 26 சதவீதம் கூடின. சாலையில் போன வண்டிகளின் எண்ணிக்கை 9 சதவீதம் குறைந்தது. தடையே இல்லாமல் திறந்துவிட்டும் குறைவான வண்டிகள்தான் போயின!

ஆனால் கோபப்பட்டவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சில ராம்ப்களில் காத்திருப்பு மிக நீண்டிருந்தது. அதனால் மீண்டும் இயக்கியபோது, சாதாரண ராம்பில் யாரும் 4 நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த முடிவு. மக்களைக் காக்க வைத்தால், எவ்வளவு நேரம், எதற்காக என்று சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

இனி லேன் கூட்டும் விஷயம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி விரைவுச்சாலையை விரிவாக்கி 2008இல் முடித்தார்கள். பக்கவாட்டுச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 லேன்கள். அப்படியிருந்தும் 2011க்கும் 2014க்கும் இடையில் அதில் மாலை நேரப் பயண நேரம் பாதிக்கு மேல் கூடிப்போனது. டுரான்டன், டர்னர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களின் கணக்கையெல்லாம் எடுத்துப் பார்த்து 2011இல் எழுதினார்கள்: விரைவுச்சாலை லேன்களின் மொத்த நீளம் எந்த அளவுக்குக் கூடுகிறதோ, ஏறக்குறைய அதே அளவுக்கு வண்டி ஓட்டமும் கூடிவிடுகிறது. நெரிசலுக்குப் பயந்து வேறு வழியில் போனவர், நேரம் மாற்றிப் போனவர், ரயிலில் போனவர் எல்லாரும் புது லேனுக்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள். அப்புறம் அந்தச் சாலையை நம்பித் தொலைவில் புது வீடுகளும் வருகின்றன. எந்தச் சாலையையும் எப்போதும் அகலப்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நான்கு லேன் திடீரென்று மூன்றாகக் குறுகும் இடத்தைச் சரிசெய்வது நல்ல வேலைதான். ஆனால் நெரிசலைத் தீர்க்கும் மருந்து என்று சொல்லி ஊர் முழுக்க லேன் கூட்டினால், வரிப்பணம் கரைந்த பிறகும் மக்கள் அதே வரிசையில்தான் நிற்பார்கள்.

உங்கள் தலையங்கத்தில் ஒரு வரிகூட இடம் பெறாத ஒன்று எனக்கு மிகவும் உறுத்தியது. பழுதாகி நிற்கும் வண்டிகள், சின்னச் சின்ன மோதல்கள். தினசரி நெரிசலில் பெரும் பங்கு இவற்றுடையது. மூன்று லேனில் ஒன்று அடைபட்டால் மூன்றில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைப்போம். உண்மையில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடும். மற்ற இரண்டு லேனில் போகிறவர்களும் தயங்குகிறார்கள், எட்டிப் பார்க்கிறார்கள், லேன் மாறுகிறார்கள். எதிர்த்திசையில் போகிறவர்கள்கூட வேகத்தைக் குறைக்கிறார்கள்.

ஒரு மாலை இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. டயர் வெடித்த ஒரு சின்ன வேன் நடு லேனில் நின்றுவிட்டது. யாருக்கும் காயம் இல்லை. அதை இழுக்கும் வண்டியை அனுப்ப வேண்டியது யார் என்று இரண்டு அலுவலகங்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தன. 40 நிமிடம் போய்விட்டது. நான் திரையில் வரிசை வளர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வரிசைக்குள் ஓர் ஆம்புலன்சும் இருந்தது.

அந்த 40 நிமிடத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாலை மணிக்கு 6,000 வண்டிகளைத் தாங்கும், வருவது 5,400 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லேன் அடைபட்டதும் போகக்கூடியது 3,000. மணிக்கு 2,400 வண்டிகள் தேங்கும். 40 நிமிடத்தில் 1,600 வண்டிகள். தடை நீங்கிய பிறகு மிச்சக் கொள்ளளவு மணிக்கு 600தான். தேங்கியது கரைய 2 மணி 40 நிமிடம் ஆகும். அதே வேனை 10 நிமிடத்தில் அகற்றியிருந்தால் 400 வண்டிகள்தான் தேங்கியிருக்கும், 40 நிமிடத்தில் எல்லாம் சீராகியிருக்கும். ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் நான்கு நிமிடம் விலை. நெரிசல் நேரத்தில் இழுவை வண்டிகளைச் சாலையோரத்திலேயே தயாராக நிறுத்தி வைப்பதற்கும், யாரையும் கேட்காமல் உடனே அகற்றும் அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுப்பதற்கும் ஆகும் செலவு, புது லேன் போடுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வேக வரம்பை நிலைமைக்கேற்ப மாற்றும் பலகைகளும் உதவும். லண்டனைச் சுற்றிச் செல்லும் எம்25 சாலையில் 1995 முதல் இது இருக்கிறது. முன்னால் நெரிசல் தொடங்கும்போது பின்னால் வருபவர்களை முன்கூட்டியே மெதுவாக்கினால், திடீர் பிரேக் குறையும். கட்டணம் வசூலிப்பதும் பலன் தருகிறது. சிங்கப்பூரில் விரைவுச்சாலை வேகம் 45 முதல் 65 கிலோமீட்டருக்குள் இருக்கும்படி கட்டணத்தை அவ்வப்போது கூட்டிக் குறைக்கிறார்கள். நான் இதை எதிர்க்கவில்லை. ஆனால் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியாத வேலையில் இருப்பவருக்கு, நம்பிப் போகக்கூடிய பஸ்ஸோ ரயிலோ முதலில் வேண்டும். அதைக் கொடுக்காமல் கட்டணம் மட்டும் வாங்குவது சரியல்ல.

ஓட்டுநர்களான வாசகர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முன் வண்டியிலிருந்து இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளிதான் ராம்பிலிருந்து வருபவருக்கு இடம், பின்னால் வருபவருக்கு நிம்மதி. சாலை வேலை நடக்கும் இடத்தில் ஒரு லேன் முடிகிறது என்றால், வண்டிகள் மெதுவாக நகரும் நேரத்தில், கடைசிவரை இரண்டு லேனையும் பயன்படுத்தி அங்கே ஒன்றுவிட்டு ஒன்றாக இணைவதுதான் சரியான முறை. கடைசிவரை வருபவரை வரிசை தாண்டுகிறார் என்று திட்டி வழிமறிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் தவறு எதுவும் செய்யவில்லை, அவருக்கு இடம் கொடுங்கள்.

சரி, உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன். விரிவாக்கத் திட்டங்களின் படங்களைப் பெரிதாக வெளியிடுகிறீர்கள். அதோடு ஒரு சின்னக் கட்டமும் மாதாமாதம் வெளியிடுங்கள். அடைபட்ட லேன்களைத் திறக்கச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆனது, எந்த ராம்பில் எவ்வளவு நேரம் மக்கள் காத்திருந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் அதிகாரிகளிடம் கேட்டு வாங்குங்கள். கட்டுப்பாட்டு அறையில் எல்லாம் பதிவாகித்தான் இருக்கும்.

இப்படிக்கு,
கட்டுப்பாட்டு அறைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்