எட்டாம் கிரேடு முடிந்த பிறகும் ஸ்கேல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பியானோ இசைத் தேர்வில் கடைசி கிரேடான எட்டாம் கிரேடு தேறிய பிள்ளைகளின் படங்களை உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அவ்வப்போது பார்க்கிறேன். சிலர் என்னிடம் படித்தவர்கள் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே ஸ்கேலும் (சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது) ஆர்பெஜியோவும் (சேர்ந்திசைக்கும் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) நின்றுபோகின்றன. தேர்வில் கேட்பார்கள் என்று வாசித்தது, இனி எதற்கு என்று பெற்றோரும் விட்டுவிடுகிறார்கள். பெரிய உருப்படிகளைத் தொடும்போதுதான் விரலுக்குத் தினப்பழக்கம் அதிகம் தேவை. குழித்துறையில் பியானோ சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். மேற்கத்திய இசையின் இரு வகை ஸ்கேல்களில் மேஜர் 12, மைனர் 12, ஆக 24 ஸ்கேல்கள். நாளுக்கு இரண்டு மேஜர், அவற்றின் உறவு மைனர் (அதே சுரங்களை அடிப்படையாகக் கொண்டது) இரண்டு என்று பிரித்துக்கொண்டால் திங்கள் முதல் சனிக்குள் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். ஞாயிறு எங்கள் பிள்ளைகளுக்கு ஆலயத்தில் வாசிக்கவே நேரம் சரியாக இருக்கும்.

சி மேஜரில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. போலந்து இசைமேதை ஷோபான் தன் மாணவர்களுக்கு பி மேஜரை முதலில் கொடுத்தார். நீளமான நடுவிரல்கள் கறுப்புக் கட்டைகள் மேலும், குட்டையான பெருவிரலும் சுண்டுவிரலும் வெள்ளைக் கட்டைகள் மேலும் தாமாகவே உட்காரும். கை தளர்ந்து நிற்பது எப்படி என்று அங்கே புரிந்துவிட்டால், கறுப்புக் கட்டையே இல்லாத சி மேஜர் ஏன் கடினம் என்பதும் புரியும்.

வேகத்தைப் பொறுத்தவரை நம் ஊர் சங்கீதப் பாடமே நல்ல வழி காட்டுகிறது. சரளி வரிசையை ஒரே தாளத்தில் மூன்று காலத்திலும் பாடுகிறோம் அல்லவா? தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 60-இல் (நிமிடத்துக்கு 60 தட்டு) வைத்துவிட்டு, ஒரு தட்டுக்கு ஒரு சுரம், அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு என்று வாசிக்கச் சொல்கிறேன். நான்கிலும் எல்லாச் சுரமும் ஒரே அழுத்தத்தில் விழுந்தால்தான் மெட்ரோனோமை ஏற்ற வேண்டும். அதன் பிறகு இரு கைகளையும் மூன்றாம் சுர இடைவெளி, ஆறாம் சுர இடைவெளி, எதிரெதிர்த் திசை என்று மாற்றி வாசிக்கலாம்.

கடைசிப் பத்து நிமிடம் எட்யூடுக்கு, அதாவது பயிற்சிக்கென்றே எழுதிய உருப்படிக்கு. செர்னியின் ஓபஸ் (படைப்பு எண்) 740-இல் ஐம்பது பயிற்சிகள் இருக்கின்றன. பீத்தோவனிடம் படித்து, பியானோ மேதை லிஸ்டுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். முழுதாக ஓட்ட வேண்டாம், நான்கு பார் (தாளக் கட்டம்) எடுத்து மெதுவாகத் தேய்த்தால் போதும். ஷோபானின் ஓபஸ் 10, இரண்டாம் எட்யூடுக்குப் போகிறவர்கள் இன்னும் நிதானமாகப் போக வேண்டும். அதில் வலக்கையின் மூன்று, நான்கு, ஐந்தாம் விரல்களே (பெருவிரலை ஒன்றாக எண்ணி) வெள்ளை, கறுப்புக் கட்டைகளை ஒன்றுவிடாமல் தொடும் குரோமாட்டிக் ஓட்டத்தைத் தாங்க வேண்டும். நான்காம் விரலின் தசைநார் பக்கத்து விரல்களோடு பிணைந்திருப்பதால் அது தனியாக உயராது. வலுக்கட்டாயமாக உயர்த்தப் பழக்குவது ஆபத்து. இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் வலக்கை கெட்டு, 1830களின் தொடக்கத்திலேயே பியானிஸ்ட் ஆகும் ஆசையைக் கைவிட்டார். விரலைப் பலப்படுத்த ஒரு கருவியை வைத்துப் பழகியதும் அதற்குக் காரணம் என்று சொல்வார்கள்.

பாறசாலையிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த ஒரு பெண், இணையத்தில் பார்த்துவிட்டு ஹானன் எழுதிய விரல் பயிற்சிகளைத் தினம் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தது 61 கட்டை கீபோர்டு. மணிக்கட்டு வலி வந்ததும் விரலுக்கு இன்னும் பலம் போதவில்லை என்று நேரத்தைக் கூட்டியிருக்கிறாள். வலித்தால் உடனே நிறுத்த வேண்டும், ஓய்வெடுத்தும் போகாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். பிள்ளைகள் இதைக் கேட்க மறுக்கிறார்கள், எனக்கு அதுதான் மிகப் பெரிய கவலை.

கருவி விஷயத்துக்கு வருகிறேன். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஈரத்தில் மரம் ஊறிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், சுருதி கலையும். ஆகையால் வீட்டுப் பழக்கத்துக்கு 88 வெயிட்டட் (நிஜப் பியானோ போலக் கனமான) கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோவே நல்லது. ஆனால் நிஜப் பியானோவின் சுத்தியல் கம்பியைத் தொடும் உணர்வு விரலுக்குப் பழகாமல் மேடை ஏறினால் பிள்ளைகள் திணறிவிடுகிறார்கள்.

எங்கள் பகுதியில் சில ஆலயங்களிலும் பள்ளிகளிலும் நல்ல பியானோ இருக்கிறது. வார நாட்களில் பூட்டித்தான் கிடக்கிறது. உயர் கிரேடு பியானோ மாணவர்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம் திறந்துகொடுக்கும்படி சபைப் பொறுப்பாளர்களையும் பள்ளி நிர்வாகங்களையும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். சாவிப் பொறுப்பையும் நேர அட்டவணையையும் ஆசிரியர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். ட்யூனிங் செலவில் மாணவர் குடும்பங்களும் பங்கெடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு பியானோ ஆசிரியை,
குழித்துறை