காப்பிச் சக்கையை எரிபொருளாக்குவது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் எங்கள் காப்பித்தூள் கடையின் பின்கட்டில், பாத்திரம் கழுவ வெந்நீர் போடும் தகர அடுப்பில் வறட்டி போன்ற கருத்த வில்லைகள் எரிவதைப் பார்த்த பலர், அவை காப்பிச் சக்கையால் ஆனவை என்று அறிந்ததும், தங்கள் வீட்டு ஃபில்டரில் மிஞ்சும் சக்கையைப் பையில் கட்டி எங்களிடம் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த அன்புக்கு நன்றி. ஆயினும் ஈரச் சக்கையை வாங்கிக்கொள்ள இயலாமல் திருப்பி அனுப்பியதில் சிலருக்கு மனவருத்தம் உண்டானதாக அறிகிறோம். அதன் காரணத்தைச் சொல்லவும், விரும்புவோர் வீட்டிலேயே இதைச் செய்துகொள்ளும் முறையை விளக்கவுமே இம்மடல்.

தூளின் எடையில் ஏறத்தாழ கால் பங்குதான் டிகாஷனில் கரைந்து இறங்குகிறது. நாரும், கொட்டையில் இருந்த எண்ணெயில் பெரும்பகுதியும் ஃபில்டரிலேயே தங்கிவிடுகின்றன. உலர்ந்த சக்கையின் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை எண்ணெய்தான். இதனால், முற்றிலும் காய்ந்த சக்கை கிலோவுக்கு ஏறக்குறைய 5,000 கிலோகலோரி வெப்பம் தருகிறது. நன்கு காய்ந்த விறகு தருவது 4,000 சொச்சம். இன்ஸ்டன்ட் காப்பி ஆலைகள் தங்கள் சக்கையைப் பிழிந்து உலர்த்திச் சொந்தக் கொதிகலனிலேயே எரிப்பது நெடுநாள் வழக்கம். லண்டன் கடைகளின் சக்கையைத் திரட்டி எரிபொருளாக்க 2013-இல் தொடங்கப்பட்டு, கணப்பு அடுப்புக்கான கட்டைகளையும் விற்ற பயோ-பீன் என்ற நிறுவனமும் இருந்தது. பத்தாண்டுகள் நடந்து, 2023-இல் அது மூடப்பட்டது. சக்கையில் சூடு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அதைத் திரட்டி உலர்த்துவதில்தான் பாடு.

ஃபில்டரிலிருந்து தட்டிய சக்கையில் பாதிக்குமேல் தண்ணீர். ஒரு கிலோ ஈரச் சக்கையில் எரியக்கூடியது 400 கிராம் அளவே என்று கொண்டால், அது தரும் 2,000 கிலோகலோரியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, மீதி 600 கிராம் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். இழப்பு அதோடு நிற்பதில்லை. ஈரம் இருக்கும்வரை நெருப்பு எழும்பாது, எண்ணெய் சரியாக எரியாமல் கண்ணைக் கரிக்கும் புகையாகப் போகும். பையில் கட்டி வைத்த சக்கையோ இரண்டு மூன்று நாளில் பச்சைப் பூசணம் பிடித்துவிடுகிறது. நீங்கள் கொண்டுவந்ததை நாங்கள் மறுத்தது இதனால்தான்.

எங்கள் முதல் முயற்சியும் ஈரத்தில்தான் கெட்டது. கொழுக்கட்டை அளவில் உருண்டைகள் பிடித்து மூன்று நாள் மாடியில் வைத்தோம். மேலே கல்லைப்போல் இறுகியிருந்ததால் காய்ந்துவிட்டது என்று நம்பி அடுப்பிலிட, வெளித்தோல் கருகியதே தவிர உள்ளே ஈரம் அப்படியே இருந்தது; அன்று கிளம்பிய புகைக்குப் பக்கத்து வீட்டார் வந்து விசாரித்தார்கள். சக்கை மிக நைசான பொருள், அழுத்தினால் காற்றுப் புக இடமே விடாது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். சக்கையைச் சாக்கின்மேல் விரல் கனத்துக்கும் குறைவாகப் பரப்பி, நாளுக்கு இருமுறை கிளறி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடுகிறோம். கைப்பிடியில் இறுக்கித் திறந்தால் கட்டியாக நிற்காமல் உதிர வேண்டும். (கேஸ் அடுப்பில் வாணலி வைத்து உலர்த்துவது வரவுக்குமேல் செலவு.) காய்ந்த சக்கை நான்கு பங்குக்கு மரக்கடையில் கிடைக்கும் மரத்தூள் ஒரு பங்கு கலந்தால் காற்றோட்டம் கிடைக்கிறது. ஒட்டுவதற்கு மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சிச் சேர்க்கிறோம்; ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மற்ற ஊரார் வடித்த கஞ்சியையோ மைதாப் பசையையோ பயன்படுத்தலாம்; சாணத்துடன் பிசைந்து வறட்டியாகவே தட்டினாலும் நன்றாக எரியும். எதுவானாலும் அரை அங்குலத்துக்குமேல் கனம் வேண்டாம். தட்டிய வில்லை காய மேலும் நான்கைந்து நாள் ஆகும்.

சிக்கரி கலந்த தூளின் சக்கை சற்றுப் பிசுபிசுப்பாக இருப்பதால் காயக் கூடுதல் நேரம் எடுக்கும். இதற்காக யாரும் சிக்கரியைக் குறைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. காப்பி குடிப்பதற்குத்தான், எரிப்பதற்கு அல்ல.

காணொளிகளில் மெழுகை உருக்கிச் சக்கையுடன் ஊற்றிச் செய்யும் கட்டைகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். அவற்றில் பெரும்பாலும் எரிவது மெழுகுதான். குளிர்நாட்டுக் கணப்புக்கு ஏற்ற அவற்றை நம் சமையல் அடுப்பில் இட வேண்டாம். சாதாரண வில்லையைக்கூடத் திறந்த வெளியில், புகை போக வழியுள்ள இடத்தில் மட்டுமே எரிக்க வேண்டும். மூடிய அறையில் எரிப்பது உயிருக்கே ஆபத்து. காப்பி மணம் கமழும் என்று தூபக்காலில் இட்டுப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், தீய்ந்த நாற்றம் போக ஒரு நாள் முழுதும் சன்னலைத் திறந்து வைத்தாராம்.

எவ்வளவு பயன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மாதம் அரைக் கிலோ தூள் வாங்கும் குடும்பத்துக்குக் காய்ந்த சக்கை 350 கிராமுக்குச் சற்றுமேல் தேறும். தகர அடுப்பில் வெப்பத்தின் ஐந்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போய்ச்சேரும் என்று வைத்தால், ஒரு மாதச் சக்கை ஒரு வாளி வெந்நீருக்குக் காணும். கேஸ் செலவில் அது தெரியவே தெரியாது. காப்பிக் கூடத்தையும் சேர்த்து நடத்துவதால் தினம் மூன்று கிலோ தூள் செலவாகும் எங்களுக்கு இது கட்டுப்படியாகிறது. வீட்டில் தனியே செய்வதைவிட, நான்கைந்து வீட்டார் சேர்த்துச் செய்வது மேல். எரிந்த சாம்பலைப் பாத்திரம் துலக்கவும், சாம்பல் சத்து (பொட்டாசியம்) வேண்டும் செடிகளுக்கு இடவும் வைத்துக்கொள்ளலாம்.

வில்லைகளை விற்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. முற்றிலும் காய்ந்த சக்கையைக் காகிதப் பையில் கொண்டுவந்தால் எந்நாளும் காலை வேளையில் பெற்றுக்கொள்வோம். செய்துபார்க்க விரும்புவோருக்கு இரண்டு வில்லைகள் இலவசமாகத் தருவோம். ஐப்பசி, கார்த்திகை இரு மாதமும் எங்கள் மாடியிலும் எதுவும் காய்வதில்லை என்பதால் அப்போது வாங்க இயலாது. அந்த நாட்களில் சக்கையைச் செடிகளின் மண்ணோடு சிறிது சிறிதாகக் கிளறிவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்