திரைப்படச் சங்க ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் இதை வாட்ஸ்அப்பில் படிக்கப்போகும் பெரும்பான்மை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி கூடியது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். கோடை விடுமுறையில் சிறுவர் திரையிடல் நடந்தது. குறும்படப் பயிலரங்கு மழையால் தள்ளிப்போய், பிறகு நடந்து முடிந்தது. நூலகத்திலிருந்து இரவல் போன புத்தகங்களில் சில இன்னும் திரும்பி வரவில்லை. எடுத்துச் சென்றவர்களுக்குத் தெரியும்.

இந்த ஆண்டின் முதன்மைப் பணி, ஹாலிவுட் துணை நடிகர் வால்டர் பிரென்னன் நடித்த படங்களின் தொடர் திரையிடல். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. காரணம், “கதாநாயகன் படம் போட்டால் கூட்டம் வரும், பொக்கைவாய்க் கிழவன் படத்துக்கு யார் வருவார்?” என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. 2024 செப்டம்பர் 21 அன்று பிரென்னன் மறைந்து 50 ஆண்டுகள் நிறைந்தன. துணைப் பாத்திரத்துக்கான ஆஸ்கார் விருதை மூன்று முறை வாங்கிய ஒரே நடிகர் அவர்தான். அந்த விருதை முதன்முதலில் ஏற்படுத்தியபோது வாங்கியவரும் அவரே. இந்த ஒரு காரணம் போதாதென்றால் வேறு எந்தக் காரணமும் போதாது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1894இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் பிறந்தார். முதல் உலகப் போரில் பிரான்சில் பீரங்கிப் படையில் இருந்தார். போருக்குப் பின் கலிபோர்னியாவுக்கு வந்து, வீட்டுமனைத் தொழிலில் சம்பாதித்து, அதிலேயே இழந்தார். வயிற்றுப்பாட்டுக்காகக் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் எக்ஸ்ட்ரா வேலைக்குப் போனார். ஏறக்குறைய பத்தாண்டு, பெரும்பாலும் பெயர்கூட வராத வேடங்கள். 1933இல் வந்த ‘தி இன்விசிபிள் மேன்’ படத்தில் சைக்கிளைப் பறிகொடுப்பவராக ஒரு நொடி வந்து போகிறார். 1935இல் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகுதான் நிலைமை மாறியது. 1936இல் ‘கம் அண்ட் கெட் இட்’, 1938இல் ‘கென்டக்கி’, 1940இல் ‘தி வெஸ்டர்னர்’ என்று ஐந்து ஆண்டுக்குள் மூன்று விருதுகள். அந்தக் காலத்தில் துணை நடிகர்களுக்குத் தங்கச் சிலை கிடையாது, பலகைதான். ஆஸ்கார் தேர்வில் எக்ஸ்ட்ராக்களுக்கும் வாக்குரிமை இருந்த காலம் அது. தங்களில் ஒருவர் என்று அவர்கள் அள்ளிப் போட்டார்கள் என்ற பேச்சு அப்போதே உண்டு. பிற்பாடு அவர்களின் வாக்குரிமை எடுக்கப்பட்டது. வாக்குரிமை இருந்தபோது அதைப் பயன்படுத்தினார்களே, அதைச் சொல்லுங்கள். நம் சங்கத் தேர்தலில் பதிவான வாக்குகளை நான் இங்கே குறிப்பிட விரும்பவில்லை.

இனி அவர் தொழிலுக்கு வருவோம். 1932இல் நடந்த ஒரு விபத்தில் அவருடைய பற்கள் பெரும்பாலும் போய்விட்டன. எப்படிப் போயின என்பதற்குக் கதைகள் பல. நமக்கு வேண்டியது விளைவு. பல்செட்டைக் கழற்றினால் கன்னம் குழிந்து, மேலுதடு உள்ளே மடிந்து, முகவாய் மூக்கை நோக்கி ஏறுகிறது. வயது அந்த இடத்திலேயே இருபது கூடுகிறது. ஆங்கிலத்தில் மேற்பல் கீழுதட்டைத் தொட்டுப் பிறக்கும் ஒலிகள் காற்றாகப் போகின்றன. சகர ஒலி வழுக்குகிறது. ஒப்பனையால் முகத்தைக் கிழமாக்கலாம், பேச்சைக் கிழமாக்க முடியாது. பிரென்னனுக்கு இரண்டும் ஒரே கை அசைவில் கிடைத்தன. ‘கென்டக்கி’யில் குதிரை வளர்க்கும் முதியவராக வந்து விருது வாங்கியபோது அவருக்கு வயது 44 என்பதை நினைவில் வைக்கவும். (அந்தப் படம் நல்ல பிரதியாகக் கிடைக்காததால் தொடரில் சேர்க்கவில்லை. “ஏன் விட்டீர்கள்?” என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.)

பல்லைக் கழற்றுவது மட்டுமே வித்தை என்று நினைத்தவர்களுக்காகத்தான் 1946இன் ‘மை டார்லிங் கிளமெண்டைன்’ படத்தை நடுவில் வைத்தேன். ஜான் ஃபோர்டு இயக்கம். இதில் கிளாண்டன் குடும்பத்துக் கிழவனாக வரும் பிரென்னனிடம் நொண்டல் இல்லை, குழறல் இல்லை, சிரிப்பு இல்லை. வாயில் பல் இருக்கிறது, குரல் தாழ்ந்திருக்கிறது, உடம்பு அசையவே மாட்டேன் என்கிறது. பெற்ற மகன்களையே சாட்டையால் அடிக்கிறார். மற்ற படங்களில் எதையெல்லாம் சேர்த்துக் கிழவனைச் செய்தாரோ, அதையெல்லாம் கழித்து இந்த ஆளைச் செய்திருக்கிறார். ஃபோர்டுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதன்பின் ஃபோர்டின் இயக்கத்தில் அவர் நடிக்கவே இல்லை.

1944இன் ‘டு ஹாவ் அண்ட் ஹாவ் நாட்’ படத்தில் குடிகாரப் படகுக்காரர் எடி. காலில் சதா ஒரு துள்ளல், நிற்கும்போதும் உடம்பில் ஒரு வெட்டு. செத்த தேனீ கொட்டியதுண்டா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்கிறார். பைத்தியக்காரக் கேள்வி மாதிரி தெரியும்; அதற்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அவர் ஆளை எடைபோடுகிறார். நாயகி லாரன் பகால் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கும் இடத்தில் பிரென்னனின் முகத்தைப் பாருங்கள். வசனம் அவளுடையது, காட்சி இவருடையது.

‘மீட் ஜான் டோ’ (1941) பற்றி ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. அமெரிக்காவில் இதன் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் பொதுச்சொத்து ஆனது. அதனால் ஆளாளுக்கு வெளியிட்ட மோசமான பிரதிகள்தான் சந்தையில் அதிகம்: மங்கல், கீறல், வசனத்தின்மேல் இரைச்சல். இலவசம் என்று முதலில் கிடைத்ததை இறக்காமல், மீட்டெடுக்கப்பட்ட பிரதியைத் தேடிப் போட்டோம். இதில் ‘கர்னல்’ என்ற நாடோடியாக வரும் பிரென்னன், வங்கிக் கணக்கு வைத்தாலே ஒட்டுண்ணிகள் வந்து சேரும், பணமே ஆகாது என்று பிரசங்கம் செய்வார். அந்தக் காட்சிக்கு மிகப் பலமாகக் கைதட்டியவர்கள் யார் யார் என்று பொருளாளர் குறித்து வைத்திருக்கிறார்.

காப்புரிமை பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். தொடரில் கடைசியாக வந்த ‘ரியோ பிராவோ’ 1959. அதற்கே 2019 டிசம்பரோடு முடிந்தது.

இப்போது ‘ரெட் ரிவர்’ (1948) விவகாரம். செயலாளர் வட்டைச் சரிபார்க்காமல் போட்டார், அதனால்தான் தமிழ் வசனவரி பாதியில் ஓடிப்போயிற்று என்று தேநீர் மேசையில் பேசப்பட்டதால், நடந்ததை எழுத்தில் வைக்கிறேன். இந்தப் படம் இரண்டு வடிவங்களில் உண்டு. ஒன்றில் கதையைக் கையெழுத்துப் புத்தகத்தின் பக்கங்கள் சொல்லும். அது 133 நிமிடம். மற்றதில் பக்கங்களுக்குப் பதில் பிரென்னனே தன் குரலில் சொல்லிக்கொண்டு போவார்; அது 127 நிமிடம். பிரென்னன் தொடருக்கு எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. நாம் கேட்டதும் குரல் வடிவம், வசனவரி தயாரித்ததும் அதற்குத்தான். வந்த வட்டின் உறையிலும் 127 நிமிடம் என்றே இருந்தது. ஆனால் அது ஐரோப்பிய பி.ஏ.எல். முறை வட்டு. வினாடிக்கு 24 படங்களாக எடுத்ததை அந்த முறையில் 25ஆக ஓட்டுவார்கள். ஒரு மணி நேரப் படம் ஐம்பத்தேழரை நிமிடத்தில் முடிந்துவிடும். 133ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்துப் பாருங்கள். 127 நிமிடமும் சொச்சமும் வரும். ஆக, உறையில் இருந்த எண் பொய்யும் இல்லை, நமக்கு வேண்டிய படமும் இல்லை. விற்றவர் வடிவம் எது என்று எழுதாமல் அனுப்பியதற்குச் செயலாளர் என்ன செய்ய முடியும்?

இனி வாங்குபவர்களுக்கு வழி இதுதான். உறையை நம்பக் கூடாது. வட்டைப் போட்டு முதல் சில நிமிடங்களைப் பார்க்கவும். திரையில் பக்கம் வந்தால் நீண்ட வடிவம், கிழவர் குரல் வந்தால் குறுகிய வடிவம். வேக மாற்றம் மட்டும்தான் சிக்கல் என்றால், வசனவரிக் கோப்பின் எல்லா நேரங்களையும் 24/25ஆல் பெருக்கிக்கொள்ளலாம். வசனவரித் திருத்தும் மென்பொருள்களில் இதற்கென்றே வசதி உண்டு. வடிவமே வேறு என்றால் எந்தப் பெருக்கலும் உதவாது. இன்னொன்று, பி.ஏ.எல். வேகத்தில் குரலின் சுருதியும் சற்று உயர்ந்துவிடும். ஏற்கனவே கீச்சென்று இருக்கும் பிரென்னனின் குரல் இன்னும் கீச்சிடும். சரியான வடிவத்தை மறுமாதம் திரும்பத் திரையிட்டோம். குறை சொன்னவர்களில் ஒருவரும் வரவில்லை.

வந்தவர்கள் கண்டது இது. சமையல்வண்டி ஓட்டும் குரூட்டாக வரும் பிரென்னன் சூதாட்டத்தில் தன் பல்செட்டையே செவ்விந்தியத் தோழன் குவோவிடம் தோற்றுவிடுகிறார். அவன் சாப்பாட்டு வேளைக்கு மட்டும் அதைக் கடனாகக் கொடுக்கிறான். ஒரே படத்தில் பல்லோடும் பல்லில்லாமலும் பிரென்னனைப் பார்க்கலாம். நடிப்பு கற்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

தமிழ் வசனவரி முழுவதும் நம் தயாரிப்பு. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போடவில்லை. வரிக்கு ஐந்து சொல்லுக்கு மேல் போனால் கண் படத்தை விட்டுவிடும். கிழவரின் குழறலை எழுத்தில் காட்டச் சிலர் சொன்னார்கள். மறுத்தேன். குழறலைக் காது கேட்கிறது, பொருளைத்தான் வரி சொல்ல வேண்டும். கோப்பை யூ.டி.எப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் சேமிக்காவிட்டால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். பென்டிரைவை நேராகப் புரொஜெக்டரில் செருகினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே நிற்கும். மடிக்கணினி வழியாகத்தான் ஓட்ட வேண்டும். அரங்கத்தில் திருமண வீடியோ போடுகிறவர்கள் புரொஜெக்டரைத் திரை நிரப்பும் அமைப்பில் விட்டுப் போகிறார்கள். அப்படியே ஓட்டினால் பழைய படங்கள் அகலவாக்கில் ஏறக்குறைய 30 சதவீதம் இழுபட்டு, குழிந்த கன்னமெல்லாம் பூரி மாதிரி உப்பிவிடும். பல்லைக் கழற்றிய பாடு வீண்.

‘தி வெஸ்டர்னர்’ திரையிட்ட மாலை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதில் நீதிபதி ராய் பீனாக வரும் பிரென்னன், தான் ஆராதிக்கும் நடிகை லில்லி லாங்ட்ரியைக் காண, நாடகக் கொட்டகையின் எல்லா டிக்கெட்டையும் தானே வாங்கிக்கொண்டு, பழைய ராணுவ உடையில் தனியாக உட்கார்ந்திருப்பார். நம் அரங்கமும் அன்று ஏறக்குறைய அதே கோலத்தில்தான் இருந்தது. ஒரே வித்தியாசம், அவர் எல்லா இருக்கைக்கும் பணம் கட்டியிருந்தார்.

அவருடைய அரசியலைச் சுட்டி ஓர் உறுப்பினர் கடிதம் கொடுத்தார். உண்மைதான். பிரென்னன் தீவிர வலதுசாரி. 1964இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டரை ஆதரித்தவர். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கு எதிராக நின்றவர். தொடர் வெளியீட்டுக் குறிப்பில் இதை மறைக்கவில்லை. படங்களை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையைச் செயற்குழு ஏற்கவில்லை.

கணக்கு: சந்தா, நன்கொடை, மலர் விளம்பரம் வழியாக வரவு. அரங்க வாடகை, வட்டுகள், புரொஜெக்டர் விளக்கு, தேநீர் ஆகியவற்றுக்குச் செலவு. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றே குறைவு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, தணிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். சந்தா நிலுவை வைத்திருப்போர் பட்டியலை இந்த அறிக்கையோடு இணைக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் இணைக்கவில்லை. இந்த ஆண்டுக்கு மட்டும்.

அரங்கம் தந்த நிர்வாகத்துக்கும், விளம்பரம் தந்த கடைக்காரர்களுக்கும், தேநீர் கொடுத்தவருக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குத் தெல்மா ரிட்டரை எடுக்கலாம் என்று எண்ணம். 1950 முதல் 1962 வரை ஆறு முறை துணை நடிகைக்கான ஆஸ்கார் பரிந்துரை, ஒரு முறைகூட விருது இல்லை. ஆறு படத்துக்கும் வசனவரி எழுத வேண்டும். தட்டச்சு தெரிந்த இருவர், மெய்ப்புப் பார்க்க ஒருவர், திரையிடலுக்கு அரை மணி முன்னால் வந்து அரங்கத்தைத் திறக்க ஒருவர் தேவை. செயலாளர் பொறுப்பை ஏற்க விரும்புகிறவர் இருந்தால் சாவியையும் மடிக்கணினியையும் இன்றே ஒப்படைக்கத் தயார். இல்லையென்றால் பழைய விளக்கு ஜூலைக்கு மேல் தாங்காது என்பதையும், புதியது வாங்குவதற்கான தொகை நிலுவைச் சந்தாவில்தான் இருக்கிறது என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருக்கிறார்.

செயலாளர்